ஆர்-60 அட்டிக்கும் இரண்டடிப் பலகையும்

அஜாக்ஸில் பழைய வீடு வாங்கியிருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணை, அட்டிக்குக்கு ஆர்-60 கட்டாயம் வேணுமோ?" அட்டிக் என்றால் கூரைக்கும் மாடி அறைகளின் உட்கூரைக்கும் நடுவே உள்ள வெற்றிடம். ஆர் எண், அங்கே போடும் காப்புப் பொருள் சூட்டை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு; எண் கூடினால் காப்பும் கூடும். ஒன்டாரியோவில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத்தான் பொதுவாக அந்த ஆர்-60 கணக்கு. பழைய வீட்டுக்கு யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கப்போவதில்லை.

ஸ்கார்பரோவில் எங்களுடையது எழுபதுகளில் கட்டிய வீடு. ஆர்-20 அளவில் கிடந்த அட்டிக்கில் ஆட்களை வைத்துச் செலுலோஸ் என்ற காகிதத் தூள் அடித்து ஆர்-60 ஆக்கிச் சில குளிர்காலம் கடந்துவிட்டது. பலன் இல்லையென்று சொன்னால் அது பொய். மைனஸ் இருபதிலும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மூச்சு வாங்குவதில்லை. கூரை விளிம்பில் ஐஸ் கட்டி நிற்பது போயே போய்விட்டது. ஜூலையில் மாடியில் படுக்க முடிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

கணக்கு இதுதான். ஆர்-20ஐ 40 ஆக்கினால் கூரை வழியே போகும் சூடு பாதியாகும். 40ஐ 60 ஆக்கினால் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். ஆனாலும் லாரியும் ஆட்களும் வந்து நிற்கும்போது கூடுதலாகச் சில மூட்டை அடிப்பது பெரிய செலவில்லை. அதனால் 60 வரை போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் கோபமெல்லாம் அட்டிக் வாசல் மேல்தான். உடுப்பு அலுமாரிக்கு மேலே, இரண்டடிக்கு இரண்டடி ஓட்டை. அதை மூடியிருப்பது அரை இஞ்ச் ப்ளைவுட். மேலும் கீழும் நிற்கும் காற்றைச் சேர்த்தாலும் அது ஆர்-2ஐத் தாண்டாது. அந்த நாலு சதுர அடி வழியே போகிற சூடு, ஆர்-60 போட்டு மூடிய 120 சதுர அடிக் கூரை வழியே போகிற சூட்டுக்குச் சமம். விளிம்பு இடுக்கால் ஏறிப்போகும் காற்று தனி. வேலை செய்தவர்களைக் கேட்டால் "அது கொட்டேஷனில் இல்லை" என்றார்கள்.

சரி, ஃபோம் போர்ட் வெட்டி நானே அந்தப் பலகையின் முதுகில் ஒட்டினேன். சுற்றிவர ஒட்டிய டேப் ஒவ்வொரு குளிருக்கும் சுருண்டு விழுகிறது. அதைவிடக் கொடுமை, தூள் சரியாமல் இருக்க வாசலைச் சுற்றி ஒரு பலகைத் தடுப்புக்கூட அவர்கள் அடிக்கவில்லை. பேப்பரை அரைத்துச் செய்ததுதானே செலுலோஸ்? பலகையைத் தூக்கினால் பொலபொலவென்று சாம்பல் நிறத் தூள் மனைவியின் கோட்டு மேல் கொட்டும்.

நண்பருக்குச் சொன்னேன்: ஆர்-60 போடுங்கள், ஆனால் முதலில் வயர் ஓட்டை, பாத்ரூம் ஃபேன் இடுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். வாசலுக்கு மூடியும் தடுப்பும் உண்டென்று எழுத்தில் வாங்குங்கள்.

அவர்கள் வேலைக்கு என் மார்க் ஐந்துக்கு இரண்டு. வீடு கணகணப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. நேற்று அந்தக் கோட்டைத் தட்டிக் கொடுத்தது நான்.