விடியும்வரை ஓட வேண்டிய ரெக்கார்டர்

தெருக்கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் முடிவதற்குக் காலை ஆறு மணி ஆகிவிடும். மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை, வேடக்காரர்களின் குரல், பின்பாட்டு என எல்லாவற்றையும் தனித்தனியே பதிவதற்காக எட்டு ட்ராக் கையடக்க ரெக்கார்டர் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுதப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. இது நல்ல கருவி. மைக் உள்ளீடுகளில் இரைச்சல் குறைவு. பொத்தான்கள் தூசியையும் பனியையும் தாங்கியிருக்கின்றன. ஆனாலும் அதை நம்பிக் கூத்து நடக்கும் களரிக்குப் போவதற்கு எவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கையேடு சொல்வதில்லை.

கையேட்டின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். ஒலி கேட்கவில்லையா, பதிவாகவில்லையா, கார்டு தெரியவில்லையா என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். களத்தில் அந்த வரிசை உதவாது. ஸ்டுடியோவில் பாடகரை இன்னொரு முறை பாடச் சொல்லலாம். திரௌபதி வேடம் கட்டியவரிடம் துகிலுரிதலை மறுபடி ஆடச் சொல்ல முடியாது. அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்தக் கோளாறு வந்தால் ஒலி அழுக்காகுமா, அடியோடு போய்விடுமா என்பதுதான். அழுக்கைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம். அடியோடு போக வைப்பவை இரண்டு: கார்டு, மின்சாரம்.

கார்டில் முதலில் போட வேண்டியது கொள்ளளவுக் கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட்) ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி எடுத்துக்கொள்ளும். எட்டு ட்ராக்கும் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 4.15 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 33 ஜிபி. அதாவது 32 ஜிபி கார்டைப் போட்டு இரவு பத்துக்குப் பதிவைத் தொடங்கினால், காலை ஐந்தே முக்காலுக்கு முன்பே கார்டு நிறைந்துவிடும். கூத்து உச்சத்துக்குப் போகிற நேரம் அது. 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் கணக்கு இரட்டிப்பாகி, இரவு இரண்டு மணி ஆவதற்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும். கூத்துப் பதிவுக்கு 96 தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 48 போதும். மீதமாகும் இடத்தை நேரத்துக்குக் கொடுங்கள்.

அடுத்தது, பதிவின் நடுவே திரையில் வரும் 'கார்டு வேகம் போதவில்லை' என்ற எச்சரிக்கை. இது பலரைக் குழப்புகிறது. எட்டு ட்ராக்குக்கும் சேர்த்து நொடிக்கு 1.15 எம்பிதான் தேவை. கிளாஸ் 10 கார்டு நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுத வேண்டும். பிறகு ஏன் போதவில்லை? அந்த 10 எம்பி, ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதும்போது கிடைக்கும் வேகம். ரெக்கார்டரோ எட்டுக் கோப்புகளிலும் மாற்றி மாற்றிச் சிறுசிறு துண்டுகளாக எழுதுகிறது. பலமுறை எழுதி அழித்த கார்டு, புதிதாக எழுதுவதற்கு இடத்தைத் துடைத்துத் தயார் செய்ய அவ்வப்போது சற்று நின்றுவிடும். அந்த இடைவெளி ரெக்கார்டரின் தற்காலிக நினைவகம் தாங்கும் அளவைத் தாண்டினால் பதிவு நின்றுவிடும். ஆகவே கோப்புகளைக் கணினியில் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு அப்படியே கார்டைப் பயன்படுத்தாதீர்கள். எல்லாவற்றையும் நகலெடுத்தபின் ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். விரைவு ஃபார்மேட், முழு ஃபார்மேட் என்று இரண்டு இருந்தால் முழு ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அந்த எச்சரிக்கை வருவது இதன்பின் நின்றது.

சந்தையில் போலிக் கார்டுகளும் உண்டு. மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கும். ரெக்கார்டர் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும். வீட்டுக்கு வந்து திறந்தால் பாதிக்குமேல் குப்பை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். இருந்தாலும் புதிய கார்டு எதையும் இந்தச் சோதனை முடியாமல் களத்துக்கு எடுத்துப்போவதில்லை.

இனி மின்சாரம். இதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். நான்கு கண்டென்சர் மைக்குகளுக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) கொடுத்தால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்டரி நேரத்தை மறந்துவிட வேண்டும். பெரும்பாலும் அந்தக் கணக்கு பேண்டம் இல்லாமல், மிகக் குறைந்த ட்ராக்குகளோடு போட்டதாக இருக்கும். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையையும் மாற்ற வேண்டும். ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்டிலேயே வெகுநேரம் நிற்கும். மெனுவில் ஆல்கலைன் என்றே இருந்தால், சார்ஜ் நிறைய இருக்கும்போதே கருவி 'பேட்டரி தீர்ந்தது' என்று பயமுறுத்தும்.

என் ஏற்பாடு எளிது. வெளியே பவர் பேங்க், உள்ளே முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரி. வெளி மின்சாரம் நின்றால் என் கருவி தடையில்லாமல் பேட்டரிக்கு மாறிக்கொள்கிறது. இதை வாங்கிய கையோடு சோதித்துப் பாருங்கள். பதிவு ஓடும்போது யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால் தெரிந்துவிடும். பவர் பேங்கை ஜெனரேட்டர் மின்சாரத்தில் சார்ஜ் போட்டபடியே ரெக்கார்டருக்கும் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. ஜெனரேட்டர் நின்று ஓடும் கணத்தில் சில பவர் பேங்குகள் தங்கள் வெளியீட்டையும் ஒரு நொடி நிறுத்திவிடும்.

அப்படியும் பதிவின் நடுவே கருவி அணைந்துவிட்டால் என்ன செய்வது? இதை விரிவாகவே சொல்கிறேன். மனம் உடைந்து கோப்பை அழித்தவர்கள் இருக்கிறார்கள். வேவ் கோப்பின் தலைப்பகுதியில், ஒலித்தரவு எவ்வளவு நீளம் என்ற எண் இருக்கும். பல ரெக்கார்டர்கள் பதிவை நிறுத்தும்போதுதான் அந்த எண்ணைச் சரியாக எழுதி முடிக்கின்றன. நடுவில் அணைந்தால் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். கோப்பு திறக்காது, அல்லது நீளம் பூஜ்யம் என்று காட்டும். ஒலி பெரும்பாலும் கார்டில் பத்திரமாகவே இருக்கும்.

முதலில் கார்டை வெளியே எடுத்து, பக்கவாட்டிலுள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளுங்கள். அதன்பின் அதில் ஒரு பைட்கூட எழுதக் கூடாது. ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கணினியில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரே பிம்பக் கோப்பாக (டிஸ்க் இமேஜ்) நகலெடுத்துக்கொண்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். கோப்பு கிடைத்துவிட்டால் ஆடாசிட்டியில் 'மூலத் தரவு இறக்குமதி' வழியாகத் திறக்கலாம். 24 பிட், லிட்டில் எண்டியன், ஒரு சேனல், 48000 என்று கொடுங்கள். திறந்ததும் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் கேட்டால் பதறாதீர்கள். 24 பிட் ஒலியில் ஒவ்வொரு மாதிரியும் மூன்று பைட். தொடக்கம் ஒரு பைட் தள்ளிப்போனாலும் எல்லா எண்களும் தப்பாகச் சேர்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். தொடக்க பைட் என்ற கட்டத்தில் 0, 1, 2 என மூன்றையும் முயன்று பாருங்கள். ஒன்றில் மத்தளம் தெளிவாகப் பேசும். எட்டு சேனலும் ஒரே கோப்பாக இருந்தால் இது இன்னும் சிக்கல். அதனால் ட்ராக்குக்கு ஒரு கோப்பு என்ற அமைப்பையே வைத்திருக்கிறேன். இன்னொரு வசதியும் உண்டு. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எட்டு சேனல் ஒரே கோப்பு என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனதும் கருவி அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். தனி ட்ராக் கோப்பு எட்டு மணி நேரம் தாங்கும்.

ஒலியை அழுக்காக்கும் கோளாறுகளில் முதலிடம் உறுமலுக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே உறுமல் 50-லும் அதன் மடங்குகளான 100, 150-லும் வரும். ஊர் மைக்செட்டின் மிக்சரிலிருந்து ஒரு இணைப்பு எடுத்துக்கொண்டு, ரெக்கார்டருக்கும் அடாப்டர் வழியாக மின்சாரம் கொடுத்தால் இரண்டும் எர்த்தில் சந்தித்து ஒரு வளையம் உண்டாகிவிடும். கண்டுபிடிக்கும் வழி: அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் வளையம்தான் காரணம். நிற்காவிட்டால் கேபிளையும் மைக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். மைக்செட்காரர் அனுபவத்தில், "தம்பி, அந்த எர்த் முள்ளை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்" என்பார். "வேண்டாம் அண்ணே" என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் கையில் மைக் இருக்கிறது. எர்த்தை எடுப்பது உயிரோடு விளையாடுவது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு டிஐ பெட்டியை, அதாவது ஒலியை மட்டும் கடத்தி இரு கருவிகளின் நேரடி மின்தொடர்பைப் பிரிக்கும் பெட்டியை, நடுவில் வைத்தால் வளையம் அறுந்துவிடும். எர்த் இருந்த இடத்தில் இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் ஹாரனுக்குப் போகும் முனைகளில் 70 அல்லது 100 வோல்ட் வரை இருக்கலாம். ரெக்கார்டருக்கு எடுக்க வேண்டியது லைன் அவுட்டிலிருந்து மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, காணாமல்போகும் சுருதி. மின்னணுச் சுருதிப் பெட்டியின் அல்லது கைப்பேசியின் ஹெட்போன் துளையிலிருந்து, முனையில் இரண்டு கறுப்பு வளையங்கள் உள்ள கேபிளால் ரெக்கார்டருக்கு இணைக்கிறார்கள். ஹெட்போனில் கம்பீரமாகக் கேட்ட சுருதி ட்ராக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பெட்டியும் பழுதில்லை, ரெக்கார்டரும் பழுதில்லை. ரெக்கார்டரின் பேலன்ஸ்டு உள்ளீடு இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடது காதிலும் வலது காதிலும் ஒரே ஒலி வந்தால் வித்தியாசம் பூஜ்யம். ஒரு கறுப்பு வளையம் உள்ள மோனோ முனையில், இடது பக்கத்தை மட்டும் எடுத்துத் தரும் கேபிள் போட்டால் சுருதி திரும்பிவரும். அந்தச் சேனலில் பேண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி அளவைப் பற்றிச் சுருக்கமாக. கதையை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் பேச்சில் தொடங்கித் திடீரென்று கத்துவார். 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது. சராசரி மைனஸ் 18 டெசிபலில் நிற்கட்டும். கருவியிலுள்ள லிமிட்டரை (உச்ச ஒலியை அமுக்கும் வசதி) நம்பிக் கெயினை, அதாவது உள்ளீட்டின் பெருக்கத்தை, ஏற்றாதீர்கள். லிமிட்டர் டிஜிட்டல் பகுதியில் இருந்தால், அதற்கு முன்பே உடைந்த ஒலியை அது சரிசெய்யாது. மிகப் பெரிய ஒலி வீச்சையும் தாங்கிப் பதியும் 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டருக்கும் மைக்கிலேயே உடைகிற ஒலியை மீட்கும் சக்தி கிடையாது. காற்று அடிக்கிறதென்று லோ கட் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) போடுபவர்கள், மத்தளத்தின் ட்ராக்கை மட்டும் விட்டுவிடுங்கள். தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் அடி அதில் கரைந்துபோகும்.

வீடியோவோடு சேர்ப்பவர்களுக்கு, உதடும் ஒலியும் விலகிப்போவது பழகிய தலைவலி. கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்றால்கூட மணிக்கு 72 மில்லிநொடி. விடியும்போது அரை நொடிக்கு மேல் ஒலி தள்ளி நிற்கும். தொடக்கத்தில் மட்டும் கை தட்டினால் போதாது, முடிவிலும் தட்டுங்கள். இரண்டு தட்டலையும் பொருத்தி, நடுவிலுள்ள ஒலியை மென்பொருளில் இழுத்துக்கொள்ளலாம்.

கருவி மீது எனக்கு உள்ள உண்மையான குறைகள் சில. பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது காத்திருப்பு நிலைக்குத்தான் போகிறது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். இருட்டில், பரபரப்பில், மினுக்கும் விளக்கும் நிலையாக எரியும் விளக்கும் ஒன்றாகவே தெரிகின்றன. விளக்கைப் பார்க்காமல் திரையில் நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி மூடியின் பிளாஸ்டிக் கொக்கி பலவீனமானது. என் கருவியில் அது தளர்ந்து, இப்போது ஒட்டுப்பட்டையோடுதான் நிற்கிறது. பேட்டரியை வாரக்கணக்கில் கழற்றி வைத்தால் தேதி அழிந்து, கோப்புகள் எல்லாம் தொடக்க ஆண்டின் ஜனவரி ஒன்றாம் தேதியில் போய் விழுகின்றன. கழற்றாமல் வைத்தால் ஆல்கலைன் பேட்டரி கசிந்து முனைகளை அரிக்கும். இரண்டில் எது தேவலை என்று கேட்டால், கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பும் முன் தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

கெயின் குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குக் கடற்கரைக் காற்றின் ஈரம் காரணம். கருவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு குமிழையும் முனைக்கு முனை நன்றாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் காண்டாக்ட் கிளீனர் சிறிதளவு. மூன்றாம் சேனலின் எக்ஸ்எல்ஆர் துளை (மைக் கேபிளைச் செருகும் துளை) மட்டும் என்ன செய்தும் தளர்வாகவே இருக்கிறது, அதில் தாளத்துக்கான மைக்கைப் போட்டுக்கொள்கிறேன். தாளம் மற்ற மைக்குகளிலும் விழும். அங்கே இணைப்பு விட்டுப்போனாலும் பாட்டு நிற்காது.