போஸ்டரில் பீய்ச்சியது, தொலைநோக்கியில் வெறும் புகை

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் தை மாதம் வானம் பார்க்கும் இரவு நடத்தினார்கள், சாப்பாட்டோடு தலைக்கு 700 ரூபாய். பெயர் வேண்டாம், நல்ல மனுசங்கதான், கோபமெல்லாம் வாட்ஸப்பில் வந்த போஸ்டர் மேல். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, ஹெச்ஹெச் 211 என்ற வாயுப் பீய்ச்சலின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'குழந்தை நட்சத்திரம் வாயு பீய்ச்சுவதை நேரில் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள். பையன் நம்பிவிட்டான்.

நேரில் பார்க்கவே முடியாது. அது சுமார் 1,000 ஒளியாண்டு தள்ளி தூசிக்குள் புதைந்து கிடக்கிறது, 2023இல் வந்த அந்தப் படமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எங்களுக்குக் கிடைத்தது ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். ஈர விறகு புகைந்த மாதிரி ஒரு மங்கல், நடுவே பொடிப்பொடியாய் நாலு நட்சத்திரம். அங்கேயும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன, சரி, ஆனால் போஸ்டரில் போட்டது இதையில்லையே! தெற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்கு வேறு மினுக்கிக்கொண்டே இருந்தது.

காசு வீணாகாமல் காப்பாற்றியது விளக்கம் சொன்ன தம்பிதான். திருச்செங்கோட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருத்தர், "ஏனுங் தம்பி, போர் போடறப்ப தண்ணி பீய்ச்சி அடிக்குமே, அந்த மாதிரிங்களா?" என்றார். "பார்க்க அப்படித்தானுங்க, ஆனா இது உள்ளே ஊறி வர்றதில்லீங்க, வெளியே இருந்து விழுகறதுங்க" என்று ஆரம்பித்தார் தம்பி. நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழன்றபடி உள்ளே இறங்குமாம், சுழற்சி குறையாமல் மேற்கொண்டு இறங்க முடியாதாம், அதனால் காந்தப்புலம் அதில் கொஞ்சத்தைப் பிடித்து மேலும் கீழுமாக வீசி எறிகிறது, வீசப்பட்டது சுழற்சியையும் கூடவே கொண்டுபோவதால்தான் மிச்சம் உள்ளே விழுந்து நட்சத்திரம் வளர்கிறதாம். நொடிக்கு நூறு கிலோமீட்டர் கணக்கில் போய் வெளிவாயுவில் மோதி ஒளிரும் திட்டுகளை 1950 வாக்கில் ஹெர்பிக், ஹாரோ என்ற இரு வானியலாளர்கள் தனித்தனியாக ஆராய்ந்ததால் ஹெச்ஹெச் என்று பெயர். 211இன் நடுவே இருக்கும் குழந்தை நட்சத்திரம் இப்போதைக்குச் சூரியன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குதானாம்.

"அப்ப பாதி தின்னு பாதி துப்பற கைக்குழந்தைன்னு சொல்லுங்க" என்றார் பெரியவர். துப்புவது பாதியெல்லாம் இல்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று தம்பி சொன்னதும்தான் விட்டார்.

அரிசிம்பருப்பு சாதம், நெய் தாராளம், குறையில்லை. கழிப்பறை ரொம்ப தூரம். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி எடுத்துப் போங்கள், வெள்ளை வெளிச்சம் அடித்தால் திட்டு வாங்குவீர்கள், நான் வாங்கினேன்.