கோஹிரன்ட் மாட்யூல்: ரூட்டரில் செருகுவதா, தனிப் பெட்டியில் வைப்பதா?

ஃபைபரில் விநாடிக்கு 10 ஜிகாபிட் (10ஜி) ஓடிய காலத்து டிரான்ஸ்மிஷன் அறைக்குள் போனவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். உள்ளே கிலோமீட்டர் கணக்கில் சுருட்டிய ஃபைபர், வேறொன்றும் இல்லை. வழியில் அகன்றுபோன ஒளித்துடிப்பை மறுபடி ஒடுக்குவது மட்டுமே அதன் வேலை. 2008-இல் நார்டெல் நிறுவனம் 40ஜி கோஹிரன்ட் முறையைக் கொண்டுவந்ததும் அந்த வேலை சிப்புக்குப் போய்விட்டது. ஒளியின் வீச்சு, கட்டம், இரண்டு துருவமுனைப்பு (ஒளி அதிரும் திசை) எல்லாவற்றிலும் டேட்டா ஏறியது. வாங்கும் முனையில் இன்னொரு லேசரைக் கலந்து படித்து, சிதைவைக் கணக்குப் போட்டே நீக்கினார்கள்.

இன்று உலகம் முழுக்க நெடுந்தூர இணைப்புகள் இந்த வழிக்கு வந்துவிட்டன. மிச்சமிருக்கும் வாதம், அதை எங்கே வைப்பது என்பதுதான்: ரூட்டரில் செருகும் மாட்யூலிலா, டிரான்ஸ்பாண்டர் என்ற தனிப் பெட்டியிலா?

ரூட்டரில் செருகும், 400ஜி வேகத்தில் ஓடும் 400இசட்ஆர் மாட்யூலுக்கான விதிமுறையை ஓஐஎஃப் என்ற துறை அமைப்பு 2020-இல் வெளியிட்டது. இதன் பெரிய பலம் வேகம் அல்ல, அளவு. சாதாரண 400ஜி மாட்யூல் போகும் அதே துளையில் இதுவும் போகும். ரூட்டரில் ஒரு போர்ட் கூட வீணாகாது. இரண்டு கம்பெனி மாட்யூல்கள் எதிரெதிர் முனையில் பேசிக்கொள்ளும். இடையில் தனிப் பெட்டியும் இல்லை, அதற்கான மின்செலவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் ஒரே நகரத்து டேட்டா சென்டர்களை இணைக்க இதற்குத் தாவியதில் ஆச்சரியமில்லை. 120 கிலோமீட்டருக்குள் இரு முனைகளுக்கிடையே நேரடி இணைப்பு என்றால் நானும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சூடு ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சுமார் 15 வாட் இலக்கு வைத்து வடிவமைத்த சாதனம் இது. ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றினால் விரல் சுடும். வரிசை முழுக்க நிரப்பும் முன் ரூட்டரின் விசிறி அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

டெலிகாம் நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணம் வேறு. அவர்களின் பாதையில் ரோடம்கள், அதாவது வழியில் அலைநீளங்களைச் சேர்த்து, பிரித்து, திருப்பிவிடும் சாதனங்கள் இருக்கின்றன. 400இசட்ஆர் வெளியிடும் ஒளி மைனஸ் 10 டிபிஎம் அளவுக்கு, அதாவது 0.1 மில்லிவாட் வரை இறங்கலாம். பக்கத்து அலைவரிசைகள் 1 மில்லிவாட்டில் வரும் இடத்தில் பத்தில் ஒரு பங்கோடு நுழைந்தால், ஒவ்வொரு ரோடமைத் தாண்டும்போதும் இரைச்சல் அதை அமுக்கிவிடும். மாட்யூலுக்குள்ளேயே சிறு ஆம்ப்ளிஃபையர் வைத்து, வலுவான பிழைதிருத்தத்தோடு வந்த இசட்ஆர் பிளஸ் வகைதான் அவர்களுக்குக் கதவைத் திறந்தது.

தனி டிரான்ஸ்பாண்டரின் இடம் அதற்கும் அப்பால். ஒளியில் டேட்டாவை ஏற்ற 16க்யூஏஎம் என்ற ஒரே முறையில் 400இசட்ஆர் நிற்கும். டிரான்ஸ்பாண்டர் பாதையைப் பார்த்து வேகத்தைச் சிறுசிறு படிகளாகக் கூட்டும், குறைக்கும். சியனா நிறுவனத்தின் வேவ்லாஜிக் 6 எக்ஸ்ட்ரீம் ஒரே அலைநீளத்தில் 1.6 டெராபிட் வரை ஏற்றும். அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோ வரை 6,600 கிலோமீட்டர் ஓடும் மரேயா கடலடி கேபிளில் இருப்பது 8 ஜோடி ஃபைபர்தான். கடலுக்கடியில் இன்னொரு ஜோடியைச் சேர்க்க முடியாது. கரையிலுள்ள பெட்டியைத்தான் மாற்ற முடியும். அங்கே அலைக்கற்றையின் ஒவ்வொரு ஹெர்ட்ஸும் காசு. மின்செலவைக் காட்டி மலிவான மாட்யூலைச் சிபாரிசு செய்பவரின் பேச்சை அந்த இடத்தில் கேட்காதீர்கள்.

800இசட்ஆர் விதிமுறையும் 2024-இல் வந்துவிட்டது. அதை வாங்க வருபவரிடம் தூரத்தை இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி, வழியில் எத்தனை ரோடம்?