வெண்பாவில் பழகுவதா, நேராகப் புதுக்கவிதைக்குப் போவதா?

கவிதையில் தனக்கென ஒரு குரல் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு முதலில், கட்டுப்பாடு மிகுந்த மரபுப் பாவான வெண்பாவுக்குத்தான். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று தளை (ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி) பார்த்து, மூன்றே சீர் உள்ள ஈற்றடியை நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஓசை வாய்பாடுகளில் ஒன்றில் முடிக்கும்போது, முதலில் தோன்றிய சொல் பாதி நேரம் உட்காராது. வேறு சொல் தேடியாக வேண்டும், அந்தத் தேடலில்தான் நமக்கே உரிய சொற்கள் தட்டுப்படும். ஆனால் இடத்தை அடைக்க 'தான்', 'அன்றோ' என்று செருகத் தொடங்கினால் போச்சு, பழம்புலவர் வாடைதான் வரும்.

1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்த, யாப்புக்குக் கட்டுப்படாத புதுக்கவிதையில் அந்தத் தொல்லை இல்லை. 'பஸ் இன்னும் வரல' என்பதை அப்படியே வைக்கலாம், அடியை எங்கே உடைப்பது என்பதும் நம் மூச்சைப் பொறுத்தது. சிக்கல் என்னவென்றால், தடுக்க ஆளில்லாததால் உரைநடையை மடித்துப் போட்டாலும் கவிதை மாதிரியே தெரியும். வட்டாரப் பேச்சில்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் மட்டும் நேராக இதற்கே வந்துவிடலாம்.