கையடக்க நீர்ச் சோதனைப் பெட்டி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கான்கிரீட் கால்வாயாக இருந்து 2012இல் மீண்டும் வளைந்தோடும் ஓடையாக்கப்பட்ட சிங்கப்பூரின் காலாங் ஆற்றில், பீஷான்-அங் மோ கியோ பூங்காக் கரையில், இப்பெட்டியை ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். அந்நீர் மரினா நீர்த்தேக்கத்தில்தான் சேர்கிறது.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் முனை நம்பகமானது. 30 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையே ஏற்கும் என்பதால், காற்றுக் குமிழி விட்ட வாளி நீரில் அமிழ்த்திச் சரிபார்த்தேன்; 7.4 காட்டியது.

பாஸ்பேட் சோதனைதான் ஏமாற்றம். குப்பியில் தூளைக் கொட்டிக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்து நீலத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டையின் முதற்படியே லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பாஸ்பேட், அதாவது அதிலுள்ள பாஸ்பரஸை மட்டும் கணக்கிட்டால் 0.16. நீர்நிலையில் பாசி பெருக 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸே போதும் என்னும்போது, நிறம் மாறாததைத் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அமிலத்தன்மை முனையை உலரவிட்டுக் கெடுத்தது என் கவனக்குறைவு; பெட்டியைக் குறை சொல்வதற்கில்லை.

கலங்கல் அளவி, அமைதியான நான்கு வாரங்களில் சொல்லாததை ஒரே மழைநாளில் சொல்லிவிட்டது. ஆனால் மழையில் ஆற்று நீர் உயர்வதை அறிவிக்கும் பூங்காவின் எச்சரிக்கை ஒலி கேட்டால், மாதிரிக் குப்பியை விட்டுவிட்டு மேடேறிவிடுங்கள். பள்ளிக் குழுக்களுக்கு வாங்குவோர் ஆக்சிஜன் முனையை மட்டும் தனியாக வாங்கி, பாஸ்பேட் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.