வியாசர்பாடி மாடிக் கடையில் லைன்பேக்கர் வெட்டும் சனிக்கிழமை

வடசென்னையில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிடும் கடைக்குப் பஞ்சமில்லை. பெரம்பூர், கொடுங்கையூர், மூலக்கடை, தண்டையார்பேட்டை, எங்கே போனாலும் ஒன்று கண்ணில் படும். எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான். ஃபிஃபா, கிரிக்கெட், கார் ரேஸ், சண்டை கேம், நடுவில் தோற்ற கடுப்பில் கன்ட்ரோலரைச் சோஃபாவில் விட்டெறியும் ஒரு பையன். வியாசர்பாடியில் தையல் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தக் கடையைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன் என்றால் காரணம் மேடன். அமெரிக்க ஃபுட்பால் கேம், ஹெல்மெட்டும் தோள்பட்டைக் கவசமும் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது. சென்னையின் எஃப்சிக்கு நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் பிறந்த ஊர் இது, முல்லை நகர் மைதானத்தில் விடிந்ததும் பந்து உதைக்கும் ஊர், இங்கே போய் இந்த ஆட்டத்தை யார் ஆடுவார்கள் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆடுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார இடம் கிடைக்காது. கடை பேரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணனே சொல்லிவிட்டார், இருக்கிற கூட்டம் போதுமாம்.

கடையைப் பற்றி முதலில் முடித்துவிடுகிறேன். படிக்கட்டு குறுகல், எதிரே ஒருத்தர் இறங்கினால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே ஐந்து டிவி, அதில் நான்கு நல்லவை. ஏசி உண்டு, மூலையில் உட்கார்ந்தால் குளிரும், வாசல் பக்கம் உட்கார்ந்தால் வியர்க்கும். கன்ட்ரோலர்களில் இரண்டு தேய்ந்து போனவை, இடது குச்சியைத் தொடாமலேயே ஆள் ஒரு பக்கமாக ஓடுவான், அதனால் உட்காருவதற்கு முன்னாடியே மாற்றிக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். கரண்ட் போனால் யுபிஎஸ் தாங்கும். பாத்ரூம் சுத்தம், இந்த மாதிரிக் கடைகளில் இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். தின்ன எதுவும் கிடையாது, டீ மட்டும் கீழேயிருந்து வரும், எண்ணெய்க் கையோடு கன்ட்ரோலரைத் தொட்டால் அண்ணன் குரல் மாறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மேடனில் ஃபிரான்சைஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு அணியைக் கையில் எடுத்து வருடக்கணக்கில் நடத்தலாம், ஆள் எடுக்கலாம், சம்பளம் பேசலாம், வெட்டலாம், அதாவது அணியை விட்டு அனுப்பலாம். இந்தக் கடையில் சனிக்கிழமை கும்பல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அணி. பல சீசன் ஓடிவிட்டதால் நிஜ வீரர்கள் எல்லாம் ரிடையர் ஆகி, இப்போது இருப்பவர்கள் கேமே உண்டாக்கிய ஆட்கள், யாரும் பேர் சொல்வதில்லை, ஜெர்சி நம்பர்தான். ஆடுவதைவிட இவர்களுக்குப் பிடித்தது சீசனுக்கு முன்னால் ஆள் குறைக்கும் நாள். நிஜத்தில் என்எஃப்எல், அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக், அதன் அணிகள் பயிற்சி முகாமுக்கு 90 பேர் வரை வைத்திருந்து ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைக்கும். 2021, 2022இல் படிப்படியாக வெட்டினார்கள், 2023 முதல் மறுபடி ஒரே வெட்டு. 32 அணி, ஆளுக்கு 37 பேர் என்று போட்டுப் பாருங்கள், 1,184 பேர் வரை ஒரே நேரத்தில் வேலை இழக்கிறார்கள். கேமில் இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம், கம்ப்யூட்டரையே வெட்டச் சொல்லவும் முடியும். இங்கே இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் போகிறேன்.

நான் போன அன்று பிரச்சினை லைன்பேக்கர்கள். தடுக்கும் அணியில் முன்வரிசைத் தடியர்களுக்கும் பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்களுக்கும் நடுவில் நிற்பவர்கள் இவர்கள். பந்தோடு ஓடி வருபவனை மறிக்க வேண்டும், பாஸ் போனால் பின்னால் ஓடி ஆளைப் பிடிக்க வேண்டும், சமயத்தில் பாஸ் போடும் எதிரணி குவார்ட்டர்பேக் மேலேயே பாய வேண்டும். நடுவில் நிற்பவருக்கு மைக் என்று பேர், பக்கத்தில் சாம், வில். தடுப்பணியில் ஒரே ஒருத்தர் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் இருக்கும், பின்பக்கம் பச்சைப் பொட்டு ஒட்டியிருப்பார்கள், கோச் சொல்வதைக் கேட்டு மற்ற பத்துப் பேருக்கும் சொல்வது அவர் வேலை. பெரும்பாலும் அது மைக்தான். தடுப்பணிக்கு இது 2008இல்தான் அனுமதிக்கப்பட்டது.

கையில் ஏழு பேர், இடம் ஐந்து. வெள்ளை போர்டில் அண்ணன் நம்பர்களை எழுதிவிட்டு மார்க்கர் மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். 51, வயது 25, கேம் போட்ட மதிப்பெண் 88, பேச்சே இல்லை. 58, புதுப் பையன், புது ஆட்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றில் எடுத்தது, இப்போது வெறும் 71, ஆனால் வேகம் 90. அவனும் உள்ளே. 54தான் பழைய மைக், வயது 33, ஒரு காலத்தில் 91 இருந்தவர் 84க்கு இறங்கிவிட்டார், சம்பளம் மட்டும் இறங்கவில்லை. 45 சாம், 80. 59 எல்லாமே சுமாராகச் செய்வார், 76. 47க்கு 70தான், வயது 27, குறைந்தபட்சச் சம்பளம். கடைசியாக 44, எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காமல் வந்த பையன், 64.

புதிதாக வந்த ஒரு பையன் மேலிருந்து ஐந்து நம்பரை டிக் அடித்துவிட்டு "முடிஞ்சுதுண்ணா" என்றான். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாடா, மார்க்கப் பாத்து ஆள் எடுக்க நீ இன்னா காலேஜா நடத்துற? 80னு போட்டுக்குதே, அந்தாளு ஒரு ஆட்டத்துல எத்தினி வாட்டி உள்ள வருவான் சொல்லு."

இந்தக் கேள்விதான் கடையின் சிறப்பு. இப்போதெல்லாம் எதிரணிகள் பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் மூன்று பேரை இறக்கிப் பாஸ் போட்டுத் தள்ளுவதால், தடுப்பவர்கள் ஒரு லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு ஐந்தாவதாக ஒரு ஓட்டக்காரரை உள்ளே விடுகிறார்கள். நிக்கல் என்பார்கள். என்எஃப்எல்லில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது. வெளியே போவது பெரும்பாலும் சாம். ஆக 80 மதிப்பெண் வாங்கிய 45, நேராக ஓடி வருபவனைச் சுவர் மாதிரி மறிப்பார் என்றாலும், பாஸைத் தடுக்கும் திறமை குறைவு என்பதால் பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு இடம் கொடுக்கலாமா? இதையே அரை மணி நேரம் பேசினார்கள்.

அடுத்தது 47. இவரை வைக்க வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். காரணம் கிக்-ஆஃபும் பன்ட்டும். பந்தை உதைத்த பிறகு அதைப் பிடித்து ஓடி வருபவனை மறிக்க ஒரு கூட்டம் ஓட வேண்டுமே, அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது லைன்பேக்கர்கள்தான். 2024இல் கிக்-ஆஃப் விதியை மாற்றினார்கள், மறிப்பவர்கள் எதிரணியின் 40 கெஜக் கோட்டில் நின்றுகொண்டு, பந்து தரையையோ ஆளையோ தொடும்வரை அசையக்கூடாது. அதற்குப் பிறகு பந்தைப் பிடித்து ஓடி வருவது கூடிவிட்டது, மறிப்பவனுக்கும் வேலை கூடிவிட்டது. 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் சீருடை போடுவது அதிகபட்சம் 48 பேர், அதில் ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த ஆளுக்கு இடம் ஏது? நம்ம ஏரியா செவன்ஸ் டீமில் டிஃபென்ஸும் ஆடி, கோலி வராத அன்று கோலும் நிற்பானே ஒருத்தன், அவனை எந்த கேப்டனாவது விடுவானா, அந்த மாதிரிதான். கேமில் இந்த வேலைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது, அதனால் வேகம், துரத்தல், மறித்தல் மூன்றையும் கூட்டி அண்ணனே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதில் 47தான் முதலிடம். 59க்குக் கடைசிக்கு முந்தின இடம்.

பெரிய சண்டை 54க்காக. பாதிப் பேர் "தலைவர்டா, வெட்டக் கூடாது" கட்சி. மிச்சம் பாதி காசுக் கட்சி. இங்கேதான் எம்கேபி நகரிலிருந்து வரும் காமர்ஸ் படிக்கிற தங்கை ஒருத்தி பேச ஆரம்பித்தாள், அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவள். என்எஃப்எல்லில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, 2025இல் 27.92 கோடி டாலர். ஒப்பந்தம் போடும்போது கொடுக்கும் போனஸ் கைக்கு மொத்தமாகப் போய்விடும், கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதுவார்கள். 54க்கு ஒரு கோடி டாலர் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 20 லட்சம். இரண்டு வருடம் முடிந்து வெட்டினால் மிச்சம் 60 லட்சம், ஆள் இல்லாவிட்டாலும் கணக்கில் நிற்கும். செத்த காசு. இந்த வருடச் சம்பளம் 90 லட்சம், வெட்டினால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. அண்ணன் இதையெல்லாம் பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி, 90இல் இந்த வருடப் பங்கு போக மிச்சமுள்ள 40ஐக் கழித்து "50 லட்சம்தான் மிச்சம், இதுக்கா ஒரு தலைவன அனுப்புறது" என்று பேனாவை வைத்தார்.

"அண்ணா, நீங்க போட்டது மே மாசத்துக் கணக்கு" என்றாள் அவள். "ஜூன் 1க்கு முன்னாடி வெட்டினாதான் மொத்த 60ம் இந்த வருஷம் விழும். நாம ஆகஸ்ட்ல வெட்டுறோம். இந்த வருஷம் 20, மிச்சம் 40 அடுத்த வருஷத்துக்குப் போயிடும். அப்போ இந்த வருஷம் முழுசா 90ம் மிச்சம்ணா."

கடையே அமைதி. நிஜ விதியும் அதுதான். கேமும் திரையில் தன் பங்குக்கு ஒரு கணக்கைக் காட்டும், ஆனால் இங்கே பில் புக் கணக்குதான் செல்லும் என்பது கடைச் சட்டம். அண்ணன் பேனாவை எடுத்து அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அடுத்த வருடம் 40 லட்சம் தலையில் விழும், அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காசுக் கட்சி ஜெயித்துவிட்டது. என்னைக் கேட்டால் அது தப்பு. பச்சைப் பொட்டு யாருக்குப் போகும் என்று யாருமே பேசவில்லை, ஆட்டத்தைப் படிக்கும் மதிப்பெண்ணில் 54க்கு அடுத்தவர் வெகு கீழே இருக்கிறார். கையில் காசு மிஞ்சி நடுவில் ஆள் இல்லையென்றால் என்ன செய்வது?

ஆளை வெளியே விடுவதில் எவ்வளவு பெரிய அணிகளும் கோட்டை விடும் என்பதற்கு அண்ணன் இரண்டு கதை வைத்திருக்கிறார், புதிதாக யார் வந்தாலும் சொல்வார். ஜேம்ஸ் ஹாரிசன், 2002இல் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆள், ஸ்டீலர்ஸ் அணியே திரும்பத் திரும்ப வெட்டி அனுப்பியது. அதே ஆள் அதே அணிக்கு 2008இல் ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் ஆகி, அந்த சீசன் சூப்பர் பௌலில், அதாவது லீக் இறுதி ஆட்டத்தில், எதிரணி பாஸைப் பிடித்து 100 கெஜம் ஓடினார். இன்னொருவர் சாக் பான். செயின்ட்ஸ் அணியில் நான்கு வருடம், பெரும்பாலும் கிக்-ஆஃப் ஓட்டம்தான். 2024இல் ஈகிள்ஸ் ஒரே வருட ஒப்பந்தத்தில் 35 லட்சம் டாலருக்கு எடுத்து நடு லைன்பேக்கராக நிறுத்தியது. அந்த வருடமே லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணி, சூப்பர் பௌலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் போட்ட பாஸைப் பறித்தார், அப்புறம் மூன்று வருடத்துக்கு 5.1 கோடி டாலர். 47ஐப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அண்ணன் இந்தக் கதையை ஏன் எடுக்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும்.

கடைசியில் நின்றவர்கள் 51, 58, 45, 47, 59. பையன் 44ஐப் பயிற்சி அணியில் வைக்கலாம் என்று முடிவு. நிஜத்திலும் 16 பேர் கொண்ட பயிற்சி அணி உண்டு, ஆனால் அனுபவம் குறைந்தவரை வெட்டினால் மற்ற 31 அணிகளுக்கும் அவரைக் கொத்திக்கொண்டு போக ஒரு நாள் அவகாசம் இருக்கிறது, யாரும் எடுக்காமல் இருந்தால்தான் நமக்கு. 44ஐ யாரும் எடுக்கவில்லை. பாவம், நல்லதுதான்.

குறைகளும் இருக்கின்றன. விவாதம் சூடு பிடித்தால் மணி ஓடுவது யாருக்கும் தெரியாது, ஆடாமல் பேசிய நேரத்துக்கும் சேர்த்துத்தான் பில், இதை அண்ணன் கொஞ்சம் யோசிக்கலாம். புதிதாக வருபவர்களுக்கு விதி எதுவும் தெரியாவிட்டால் முதல் முறை தலை சுற்றும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பள்ளிக்கூடப் பசங்க ஃபிஃபா ஆடும் சத்தத்தில் இந்தப் பக்கம் பேசுவது காதில் விழாது. மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வே பக்கம் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும், அதற்குக் கடை என்ன செய்யும்.

போவதாக இருந்தால் சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்னாடியே போய் மூலை சோஃபாவைப் பிடித்துவிடுங்கள். ஜீவா ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே வரலாம், வண்டியில் வந்தால் தையல் கடை வாசலை மறித்து நிறுத்தாதீர்கள், அந்த அக்கா நேராக மாடிக்கே வந்து சத்தம் போடுவார். ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆள் வெட்டும் நாளில் ஓட்டுப் போட எல்லோருக்கும் உரிமை உண்டு. 47ஐ வெட்டச் சொல்லி ஓட்டுப் போட வருகிறவர்கள் மட்டும் அன்றைக்கு டீ கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.