கத்தி முனையில் கொடுப்பதா, ஓடுவதா, எதிர்த்து நிற்பதா?

இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் அந்தக் கடையம் வீடியோவை அனுப்பிவிடுவார். 2019 ஆகஸ்ட், கடையம் பக்கம் கல்யாணிபுரம். இரவில் வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து ஒருவன் துணியால் இறுக்குகிறான், சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி கையில் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் தூக்கி எறிகிறார், பெரியவரும் எழுந்துவிடுகிறார், அரிவாளோடு நின்ற இரண்டு பேரையும் இருவருமாகச் சேர்ந்து விரட்டிவிடுகிறார்கள். அந்தச் சுதந்திர தினத்திலேயே முதலமைச்சர் கையால் வீர விருதும் வாங்கினார்கள்.

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அந்த அம்மாவின் கையில் வெட்டு விழுந்தது, கழுத்துச் சங்கிலியும் போனது என்பதை வீடியோ அனுப்புகிறவர்கள் சொல்வதில்லை.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது வேறு மாதிரி. மதுரையில், மார்கழி விடியலில், வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இருவரில் ஒருவன் இறங்கிக் கத்தியைக் காட்டியதும், இவர் தாலிக்கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை கிழிந்தது, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, கொடியும் போனது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "தாலிடா, எப்படி விடுவேன்?" என்றார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்கவும், தற்காப்பு வகுப்பில் போய் நிற்கவும் ஆரம்பித்தேன்.

எதிரில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. பொருளா, நீங்களா, அல்லது கண்ணில் படுகிற எல்லோருமா? இதைப் பிரிக்காமல் "எதிர்க்கணும்", "கொடுத்துடணும்" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரை எதுவும் உதவாது.

பொருள்தான் வேண்டுமென்றால், கொடுத்துவிடுவதற்குப் பக்கத்தில் மற்ற எந்த வழியும் வராது. செல்போனும் பவுனும் திரும்பச் சம்பாதிக்கக்கூடியவை. ஆனால் கொடுக்கவும் ஒரு முறை இருக்கிறது. பைக்குள் சட்டென்று கையை விட்டால் நீங்கள் ஏதோ ஆயுதம் எடுப்பதாக அவன் நினைப்பான். "எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். அப்புறம் அவன் கையில் கொடுக்காமல் ஒரு பக்கமாக எறிந்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அவனுக்குப் பொருள்தான் குறி என்றால் அதை நோக்கித்தான் போவான்.

தாலி என்று வரும்போதுதான் இந்தக் கணக்கு உடைகிறது. கத்தியைக் கண்ட அந்த இரண்டு நொடியில் யாராலும் தாலியைக் கழற்ற மனதைத் தயார் செய்ய முடியாது. அந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே எடுத்துவிட வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கும் விடியற்காலை வாசல் வேலைக்கும் மஞ்சள் கயிறு, விசேஷத்துக்கு மட்டும் கொடி என்று மாற்றிக்கொள்ளலாம். கயிற்றில் கோத்தாலும் தாலி தாலிதானே.

"வண்டியில் ஏறு", "அந்தப் பக்கம் வா" என்று அவன் சொன்னால் விஷயம் வேறு. அப்போது அவனுக்கு வேண்டியது நீங்கள். அங்கே பணிவதால் எந்த லாபமும் இல்லை. இரண்டாவது இடம் முதல் இடத்தைவிட எப்போதும் மோசமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதை அவன் தேர்ந்தெடுக்கிறான்.

ஓடுவதைக் கோழைத்தனமாகப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம், முக்கியமாக இளவட்டங்களிடம் நிறைய உண்டு. கத்திக்கு எதிராக அதுதான் முதல்தரமான வழி. ஆனால் ஓட முன்கூட்டி இடைவெளி வேண்டும். 1980களில் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியின் போலீஸ் பயிற்சியாளர் ஒருவர் ஓடவிட்டுப் பார்த்தார்: கத்தியோடு வரும் சராசரி ஆள் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். ஒரு வீட்டின் பெரிய ஹால் நீளம் இருக்கும் அது. அதனால் மூன்றடியில் நிற்பவனுக்கு முதுகு காட்டி ஓடுவதைவிட, நடுவில் ஒரு காரையோ மேசையையோ வைத்துச் சுற்றுவது மேல். ஓடினால் வெளிச்சமும் கடையும் ஆள் நடமாட்டமும் உள்ள பக்கமாக ஓடுங்கள். முழங்கால் வலியோடு இருக்கும் அறுபது வயதுக்காரருக்கோ, இடுப்பில் குழந்தையோடு நிற்பவருக்கோ இந்த வழி பாதிதான் திறந்திருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது.

ஒளிவது தெரு வழிப்பறிக்குப் பொருந்தாது. கண்ணில் படுகிற எல்லோரையும் தாக்குகிறவன் வந்தால்தான் அதற்கு வேலை. அமெரிக்காவில் ஓடு, ஒளி, சண்டையிடு என்று சொல்லித் தருகிறார்கள், பிரிட்டனில் ஓடு, ஒளி, தகவல் சொல். மூன்றாவது சொல்லில்தான் வித்தியாசம், முதல் இரண்டில் இரு நாடுகளுக்கும் ஒரே கருத்து. 2008 நவம்பரில் மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், பலர் பிழைத்தது அதனால்தான். ஒளிய நேர்ந்தால் கதவைப் பூட்டி, பீரோவோ மேசையோ இழுத்து முட்டுக்கொடுத்து, விளக்கை அணைத்து, போனில் அதிர்வைக்கூட நிறுத்திவிட வேண்டும்.

கூச்சல் போடுவது பற்றி எனக்கு இரண்டு மனது. வழிப்பறிக்காரனுக்குச் சத்தம் பிடிக்காது, தூரத்தில் இருக்கும்போதே கத்தினால் பெரும்பாலும் விலகிவிடுவான். கத்தி கழுத்தில் பட்ட பிறகு அதே சத்தம் அவனைப் பதற்றப்படுத்தி வெட்ட வைக்கும். கூட்டத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், பலர் நிற்கும் நடைமேடையில், ஓர் இளம்பெண்ணை வெட்டிக் கொன்றவன் அப்படியே போய்விட்டான். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, யாரோ செய்வார்கள் என்று எல்லோரும் உறைந்து நின்றார்கள். அதனால் "காப்பாத்துங்க" என்று பொதுவாகக் கத்துவதைவிட, "நீலச் சட்டை அண்ணா, நூறுக்குப் போன் பண்ணுங்க" என்று ஒரே ஆளைக் குறிவைத்துக் கத்துங்கள். பெயரோ அடையாளமோ சொன்னால் ஆள் அசைவார்.

அவசர உதவிக்கான 112 எண்ணும், காவல் உதவி செயலியும், பெண்களுக்கான 181ம் போனில் இருக்கட்டும். யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றும்போது அவற்றால் பயன் உண்டு, கத்தி நீட்டிய பிறகு போனைத் திறக்க நேரமில்லை.

பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ள நம் நாட்டில் தடையில்லை. சில அடி தூரத்திலிருந்தே கண்ணை எரிய வைக்கும், ஓட நேரம் கிடைக்கும். ஆனால் எதிர்க்காற்றில் உங்கள் முகத்துக்கே திரும்பும், கைப்பையின் அடியில் கிடந்தால் எடுக்கவே முடியாது, காலாவதித் தேதியும் உண்டு. கத்தி வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்றால், வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கானதாக இல்லாதபட்சத்தில், ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்கும். அதைவிடச் சின்னதாக இருந்தாலும் நீங்கள் சண்டைக்குத் தயார் என்று அவனுக்குச் சொல்லிவிடுகிறது.

எதிர்த்து நிற்பதில்தான் எனக்கு ரொம்பக் கோபம் உண்டு. நான் போன வகுப்பில் ரப்பர் கத்தியைப் பிடுங்குவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள். கத்தி வைத்திருப்பவர் ஒரே ஒரு குத்து குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்பார், நாம் மணிக்கட்டை முறுக்குவோம், எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து, நான் வெள்ளைப் பனியனோடு நின்று, நிஜமாகவே குத்தச் சொன்னேன். பத்து நொடியில் வயிற்றிலும் கழுத்திலும் முன்கையிலும் பதினான்கு கோடுகள். நீங்களும் செய்து பாருங்கள். வெறும் கையால் கத்தியைப் பிடுங்குவது கடைசி வழிக்கும் கடைசி வழி. தப்ப வழியே இல்லை, குத்தத்தான் போகிறான் என்றால் கத்தி பிடித்த கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து விடாமல் தொங்குங்கள், அவ்வளவுதான்.

இப்போது கடையம் வீடியோவை மறுபடி பாருங்கள். அவர்கள் அரிவாளைப் பிடுங்கவில்லை. நாற்காலி, செருப்பு, கையில் சிக்கியது எல்லாம் எறிந்து தூரத்தை உண்டாக்கினார்கள். இரண்டு பேர் இருந்தார்கள், சொந்த வீட்டு முற்றம். பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்களும் எதிராளியின் கைக்கு முன்னால் நிற்கும். குடை, விளக்குமாறு, பெரிய பை எல்லாம் இதே வேலையைச் செய்யும். சிலம்பக் கம்பின் பலமும் நீளம்தானே.

திருப்பி அடித்தால் கேஸ் நம்ம மேலேயே வருமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. உயிர் போகும், கொடுங்காயம் வரும் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில் எதிராளி இறந்தாலும்கூட அது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மீறி அடிக்கக் கூடாது, ஆபத்து விலகியதும் உரிமையும் முடிந்தது. ஓடுகிறவனை விரட்டிப் பிடித்து, கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு உடம்பைத் தடவிப் பாருங்கள், குத்து விழுந்தது பலருக்கு அந்த நேரத்தில் தெரியாது. கத்தி உடலில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து விடாமல் அழுத்திக்கொண்டே 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போது மஞ்சள் கயிறுதான் போட்டிருக்கிறார். போன மார்கழியில் வெளிச்சம் வந்த பிறகு, எதிர்வீட்டு அக்காவும் வாசலுக்கு வரும் நேரம் பார்த்துத்தான் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்தார்.